பவளமல்லி: வெயில் தோட்டத்தில் பிந்திப் பூக்கும் வாசம்

புரட்டாசி மாதம் விடியற்காலையில் எங்கள் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் பவளமல்லி நிற்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். முதலில் வாசம் வரும். இன்னும் நாலு எட்டு வைத்தால் சுவரோரம் வெள்ளையும் பவளமுமாகப் பூ கொட்டிக் கிடக்கும். அண்ணாந்து செடியைப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் தரையில்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டு நர்சரியில் ஒரு கன்று வாங்கி வைப்பவர்கள் நிறைய. அவர்களில் பலர் அடுத்த வைகாசியில் வந்து, "மல்லி பூத்துக் குலுங்குது, இது மட்டும் ஒரு மொட்டுகூட வைக்க மாட்டேங்குதே" என்பார்கள். பூக்கட்டும் என்று யூரியா போடுவார்கள், தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆடியில் கொப்பை வெட்டிவிடுவார்கள். இந்த மூன்றுமே பூவைத் தள்ளிப்போடுகிற வேலைகள்.

பவளமல்லிக்கென்று ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், மழை குறைந்த, நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடத்துக்கு இதைவிடத் தோதான வாசனைச் செடி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நான் இருப்பது விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில். இங்கே சொல்வது பெரும்பாலும் இந்த மண்ணில் வைத்துப் பார்த்தது. செம்மண்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம்.

பிந்திப் பூப்பது என்றால் என்ன

மல்லிகையை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். மல்லிகைக்குக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். புதுத் துளிர் வரும். வெயில் ஏற ஏற மொட்டுக் கட்டும். பங்குனியிலிருந்து ஆனி வரை அதன் காலம். அப்புறம் பூ குறைந்து, குளிர்காலத்தில் கிலோ விலை எங்கோ போய்விடும்.

பவளமல்லி இதற்கு நேர்மாறாக நடக்கும். கோடையில் அது வளராது. தண்ணீர் குறைந்தால் இலையைப் பாதி உதிர்க்கும், சில வருடம் முழுக்கவே உதிர்த்துவிட்டு நிற்கும். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை விழுந்ததும் துளிர் விடும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் கிளை நீட்டுகிற வேலைதான். அப்படி அந்த வருடம் புதிதாக நீண்ட கிளையின் நுனியிலும், நுனியை ஒட்டிய இலைக் கணுக்களிலும்தான் மொட்டு வரும். ஆவணியில் முதல் பூ. புரட்டாசி, ஐப்பசியில் உச்சம். மார்கழி வரை இழுத்துக்கொண்டு போகும். முதலில் உடம்பு, பிறகுதான் பூ என்பது இதன் கணக்கு.

இது தமிழ்நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் இதற்கு சியூலி என்று பெயர். மேற்கு வங்கத்தின் மாநிலப் பூ இது. துர்கா பூஜை நெருங்குகிறது என்பதற்கு அவர்களுக்கு அடையாளமே சியூலி உதிரத் தொடங்குவதுதான். அங்கே அது மழைக்காலம் ஓய்ந்தபின் வரும் பூ. நமக்கோ பெரிய மழை தொடங்கும்போதே வரும் பூ. செடியின் நாள்காட்டி ஏறக்குறைய ஒன்றுதான், மேகத்தின் நாள்காட்டிதான் வேறு. தமிழ்நாட்டின் வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. பூக்கிற செடிக்குத் தண்ணீர் ரொம்பத் தேவைப்படுகிற மாதங்களில் வானமே ஊற்றிவிடுகிறது. வறண்ட தோட்டத்துக்கு இதைத் தோதான செடி என்று சொல்ல முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அதன் பிறந்த இடம். இந்தியத் துணைக்கண்டத்துக்கும் தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளுக்கும் உரிய செடி இது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் குன்றுகளிலும், இலையுதிர் காடுகளின் வறண்ட பாறைச் சரிவுகளில் தானாக முளைத்துக் கூட்டமாக நிற்கும். பாறைச் சரிவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் உண்டு, வறட்சி உண்டு. ஆனால் பெய்த மழை வேரடியில் ஒரு நாள்கூடத் தேங்கி நிற்காது. நம் தோட்டத்தில் இந்தச் செடி செத்துப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தக் கடைசி விஷயம்தான்.

இதுதானா அது என்று பார்க்க

பவளமல்லிக்குப் பாரிஜாதம் என்றும் பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயரில் வேறு வேறு செடிகளை விற்கிறார்கள். பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். உத்தரப் பிரதேசத்துக் கிந்தூரில் பாரிஜாத மரம் என்று கும்பிடுகிற பெரிய மரம்கூட உண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம்.

பவளமல்லியைக் கண்டுபிடிக்கப் பூ தேவையில்லை. ஒரு இலையை எடுத்து அதன் மேல்பக்கத்தைப் பெருவிரலால் தடவுங்கள். உப்புத்தாளைத் தடவுவதுபோல் சொரசொர என்று இருக்கும். அந்தக் காலத்தில் மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்ற இந்த இலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுத்து இளங்கொப்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, தடுக்கும். தண்டு வட்டமாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்கும். இந்த மூன்றும் இருந்தால் துணிந்து வாங்கலாம்.

பூவை அருகில் பார்த்தால் இன்னொன்று தெரியும். இதழ்கள் ஐந்திலிருந்து எட்டு வரை இருக்கும். காற்றாடி றெக்கைபோல எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். ஒவ்வொரு இதழின் நுனியும் நடுவில் லேசாகப் பிளந்திருக்கும். பவள நிறக் காம்பு என்று நாம் சொல்வது உண்மையில் காம்பு இல்லை, பூவின் குழாய். இதழும் குழாயும் சேர்ந்து ஒரே துண்டு. அதனால்தான் ஊசியே இல்லாமல் ஒரு பூவின் குழாயை இன்னொன்றுக்குள் செருகிக் குழந்தைகள் சங்கிலி செய்ய முடிகிறது.

சங்கப் பாட்டில் வருகிற சேடல் என்ற பூவுக்கு உரைகாரர் "பவழக்கால் மல்லிகை" என்று பொருள் எழுதினார். பவழக்கால் என்பது எவ்வளவு சரியான சொல்! 1753இல் லின்னேயஸ் இதற்கு நிக்டாந்தஸ் ஆர்போர்-டிரிஸ்டிஸ் என்று பெயர் வைத்தார். முதல் பாதிக்கு இரவுப் பூ என்று பொருள், இரண்டாம் பாதிக்குச் சோக மரம். விடிந்ததும் பூவெல்லாம் உதிர்ந்து வெறிச்சென்று நிற்பதைப் பார்த்து வந்த பெயர். எனக்குப் பவழக்கால்தான் பிடித்திருக்கிறது. பெயரில் மல்லி ஒட்டிக்கொண்டதிலும் தப்பில்லை. மல்லிகையும் பவளமல்லியும் ஆலிவ் மரமும் ஒரே தாவரக் குடும்பம்தான்.

இடம்

குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் செத்துப்போகாது, ஆனால் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டு, நுனியில் நாலு பூ வைக்கும்.

வீட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். பூக்கிற மாதங்களில் நமக்குக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். செடி அந்தத் திசையில் நின்றால் வாடைக்காற்று வாசத்தை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து போடும். தென்மேற்கு மூலையில் நட்டால் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒன்று. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், வடக்குப் பக்கத்தில் வீட்டு நிழல் விழும். எங்கள் ஊர் கிடக்கிற இடத்தில் 10 அடிச் சுவரின் நிழல் மார்கழி உச்சி வெயிலில் 6, 7 அடி தூரம் வரை வரும். மாடி வீடு என்றால் அதற்குத் தகுந்தபடி கூடும். ஆகவே நிழலைத் தாண்டித் தள்ளி நடுங்கள், அல்லது கிழக்குப் பக்கம் வையுங்கள். கிழக்கு வெயில் இந்தச் செடிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடியில் சிமெண்ட் போட்ட தரையாக இல்லாமல், பெருக்கிச் சுத்தமாக வைக்கக்கூடிய மண் தரையாக இருந்தால் நல்லது. பூவைப் பறிக்கப்போவதில்லை, பொறுக்கப்போகிறோம்.

நடுவது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மானாவாரிக்குச் சொன்னது. எங்கள் பக்கம் ஆடியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். பவளமல்லிக் கன்றை ஆடியில் நட்டால் காற்று அதைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் புதுவேரை அறுத்துவிடும். புரட்டாசிக் கடைசியில், முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பிறகு நடுவதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாத ஈரத்தில் வேர் கீழே இறங்கிவிடும். பங்குனி வெயில் வரும்போது கன்று தன் காலில் நிற்கும். மாசியில் நட்டவர்களுக்கு அந்த மூன்று மாதம் கிடைப்பதில்லை. அப்புறம் கோடை முழுக்கக் குடம் தூக்க வேண்டியதுதான்.

என் முதல் கன்றை நான் கொன்றேன். புத்தகம் சொல்வதுபோல் இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி, மணலும் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, நடுவில் வைத்தேன். ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் இலையெல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்துத் தோண்டிப் பார்த்தால் குழிக்குள் சேறு, அழுகின நாற்றம். காரணம் எளிதானது. சுற்றிலும் இறுகின கரிசல், நடுவில் மட்டும் பொலபொலப்பான மண். பெய்த தண்ணீரெல்லாம் அந்தப் பொலபொலப்புக்குள் இறங்குகிறது, பக்கவாட்டில் வெளியேற வழியில்லை. நான் தோண்டியது குழி இல்லை, அடியில் ஓட்டையில்லாத தொட்டி. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிட்டது.

இரண்டாவது கன்றை மேட்டில் வைத்தேன். கரிசலில் இதுதான் வழி. நாலடி அகலத்துக்கு, ஒன்று ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடாக்குங்கள். அந்த இடத்து மண்ணே பெரும்பங்கு இருக்கட்டும், அதோடு கொஞ்சம் சரளையும் மக்கிய குப்பையும் கலந்தால் போதும். கீழே இருக்கிற தரையை மண்வெட்டியால் கொத்திவிட்டு அதன்மேல் மேடு போட்டால் இரண்டு மண்ணும் ஒட்டிக்கொள்ளும். கன்றின் மண்கட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவே குழி. கழுத்து வரை புதைக்க வேண்டாம், பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டம். செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் தண்ணீர் தானாக வடியும். அங்கே மேடு தேவையில்லை, சாதாரணக் குழியே போதும்.

உங்கள் மண் எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால் மேடு போடுங்கள்.

நட்டதும் ஒரு கம்பு ஊன்றி, சணலால் எட்டுப் போட்டதுபோல் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் பட்டை அறுபடும். அடுத்த ஆடிக்காற்று முடிந்ததும் கம்பை எடுத்துவிடலாம்.

முதல் இரண்டு கோடை

நம் மண்ணின் செடி என்றால் கவனிக்கவே வேண்டாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. காட்டில் ஒரு பவளமல்லி விதை விழுந்த இடத்திலேயே முளைத்து, முதல் நாளிலிருந்து வேரைக் கீழே விட்டு வளர்கிறது. நாம் வைப்பது பிளாஸ்டிக் பைக்குள் வேர் சுருண்டுபோன கன்று. அந்த வேர் நேராகிக் கீழே போகிற வரை, அதாவது முதல் இரண்டு கோடைக்கு, நாம் துணை நிற்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்துதான் அது நம் மண்ணின் செடியாக நடந்துகொள்ளும்.

தண்ணீரைத் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு வாளி நிறைய, மெதுவாக ஊற்றுவது மேல். சொம்புத் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தை நனைத்துவிட்டு ஆவியாகும். வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே படுத்துக்கொள்ளும். பிறகு மூன்று நாள் நாம் ஊருக்குப் போனால் செடி வாடிவிடும். வாளித் தண்ணீர் ஆழத்துக்குப் போகும், வேரும் அதைத் தேடிப் போகும். இரண்டாவது கோடையில் வாரம் ஒரு வாளி. மூன்றாவது வருடம் சித்திரை, வைகாசியில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

தண்ணீர் ரொம்பக் குறைவாக உள்ளவர்கள் பானை முறையைச் செய்யலாம். ஐந்து லிட்டர் பிடிக்கிற, பூச்சு இல்லாத மண்பானையைச் செடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். பானையின் சுவர் வழியாகக் கசிகிற ஈரத்தை வேர் எடுத்துக்கொள்ளும். பானை காலியாகக் காலியாக நிரப்பினால் போதும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். வேறு வழியில்லை என்றால் ஊற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல் நிறைய ஊற்றினால் உப்பு வேரடியைத் தாண்டிக் கீழே இறங்கும், அடுத்த மழை மிச்சத்தைக் கழுவிவிடும். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், இளங்கன்றுக்கு வேண்டாம்.

கரிசலில் மூடாக்கு இல்லாமல் எதுவும் நடக்காது. கோடையில் இந்த மண் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது குறுக்கே ஓடுகிற சின்ன வேர்களை அறுக்கும். காய்ந்த இலை, கடலைத்தோல், தென்னை மட்டைத் துண்டு என்று கிடைத்ததை நாலு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அங்கே ஈரம் நின்று கறையான் ஏறும்.

உரம் என்று பார்த்தால் வருடத்துக்கு ஒரு தடவை, ஆனியில், இரண்டு கூடை மக்கிய தொழு உரம். அவ்வளவுதான். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகக் கொழுத்து வரும், பார்க்க அழகாக இருக்கும், மொட்டு பின்னுக்குப் போய்விடும்.

செத்துப்போனதுபோல் நிற்கும் மாதம்

இரண்டாவது சித்திரையில் என் செடி மொத்த இலையையும் கொட்டிவிட்டது. பழுப்புக் குச்சியாக நின்றது. பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "பட்டுப்போச்சு தாயி, வெட்டி அடுப்புக்காவது வையி" என்றார்.

எனக்கும் சந்தேகம்தான். பெருவிரல் நகத்தால் ஒரு கொப்பை லேசாகக் கீறினேன். பழுப்புத் தோலுக்கு அடியில் பச்சை. ஈரமான, பளிச்சென்ற பச்சை. அடுத்த கொப்பு, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் பச்சை. "உசிரு இருக்கு ஆச்சி" என்றேன். ஆச்சி நம்பவில்லை. மே மாதக் கடைசியில் ஒரு மழை விழுந்தது. பத்து நாளில் கணுவுக்குக் கணு துளிர்.

இந்தக் கீறல் சோதனையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வறண்ட இடத்தில் வெயிலுக்கு இலை கொட்டுவது நோய் இல்லை. இலை வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகப் போகும், அந்த வழியை அது அடைத்துவிட்டுக் காத்திருக்கிறது. நுனியில் கீறி உலர்ந்திருந்தால் இன்னும் கீழே கீறிப் பாருங்கள். தண்டின் அடிவரை பழுப்பாகவே இருந்தால்தான் நம்பிக்கை விட வேண்டும். அப்போதும் அடியிலிருந்து துளிர்க்குமா என்று ஒரு மழை வரை பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். இந்தச் செடியை வீட்டோரம் வைக்கச் சிலர் பயப்படுவதே அதனால்தான். சின்னதாக, கூட்டமாக ஒரே இலையின் அடியில் இருக்கும்போதே அந்த இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் பெருகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மயிர் பட்டால் தடிக்கும். ஆடு மாடு பற்றிக் கவலை வேண்டாம். சொரசொரப்பும் கசப்பும் சேர்ந்த இலை என்பதால் எங்கள் தெரு ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன.

பூக்கும் இரவு

ஆவணியில் கிளை நுனிகளில் சிறு கொத்துகள் தெரியும். ஒரு கொத்தில் இரண்டு முதல் ஏழு மொட்டு இருக்கும், எல்லாம் ஒரே நாளில் திறக்காது. ஒரு சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் மங்கும்போது, முறுக்கி வைத்த திரிபோல இருந்த மொட்டின் நுனி தளரும். இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியிருந்த முறுக்கு மெல்லப் பிரியும். ஏழு, எட்டு மணிக்குள் விரிந்துவிடும். வாசம் முதலில் லேசாக இருக்கும், இரவு ஏற ஏறக் கூடும்.

இரவில் பூப்பதற்குக் காரணம் உண்டு. இது அந்திப்பூச்சிகளுக்காக விரிகிற பூ. இருட்டில் நிறம் தெரியாது, ஆகையால் வெள்ளை இதழ், தூரத்துக்குப் போகிற வாசம், நீளமான நாக்குள்ள பூச்சிக்கு ஏற்ற குழாய். விடிந்தால் அந்த வேலை முடிந்துவிட்டது. இதழும் குழாயும், குழாயோடு ஒட்டியிருக்கிற மகரந்தப்பையும் ஒரே துண்டாகக் கழன்று விழும். காயாகப்போகிற பகுதி மட்டும் செடியிலேயே தங்கிவிடும். அதனால் கீழே கிடக்கிற பூவை எவ்வளவு பொறுக்கினாலும் செடிக்கு ஒன்றும் குறையாது.

கோயிலுக்குத் தரையில் விழுந்த பூவை எடுக்கக் கூடாது என்பார்கள், பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. திருவாரூர் மாவட்டம் திருக்களரில் சுவாமியின் பெயரே பாரிஜாதவனேசுவரர், தலமரமும் இதுதான். கண்ணன் கொண்டுவந்து சத்தியபாமா வீட்டில் நட்ட பாரிஜாதம், ருக்மிணி வீட்டு முற்றத்தில் பூவை உதிர்த்தது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். சுவரோரம் பவளமல்லி வைத்த எந்த வீட்டிலும் அந்தக் கதை தினமும் நடக்கிறது. எங்கள் பூவில் பாதி ஆச்சி வீட்டு வாசலில்தான் விழுகிறது. செத்துப்போச்சு என்று சொன்ன அதே ஆச்சிதான் இப்போது விடியும் முன் முறத்தோடு வந்து நிற்கிறார்.

மண் ஒட்டாமல் பூ வேண்டுமென்றால் படுக்கப்போகும் முன் செடியடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். ஏழு மணிக்குள் எடுத்துவிட வேண்டும், வெயில் பட்டால் இதழ் கண்ணாடிபோல் சோர்ந்துவிடும். பூஜைக்குப் போக மீந்ததில் குழாயை மட்டும் கிள்ளி நிழலில் காயவைத்துச் சேர்த்தால் சாயம் எடுக்கலாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நல்ல ஆரஞ்சு மஞ்சள் இறங்கும். குங்குமப்பூவுக்கு நிறம் தருகிற குரோசெட்டின் என்ற பொருள்தான் இதிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் பட்டுக்கு இதில் சாயமேற்றினார்கள். வெயிலில் மங்கிவிடும் என்பதால் தினசரித் துணிக்கு ஆகாது, ஒரு கைக்குட்டையில் செய்து பார்க்கலாம்.

வெட்டும் நேரம்

புதுக் கிளையின் நுனியில்தான் பூ என்று முன்னால் சொன்னேன். ஆடியில் வெட்டினால் அந்த வருடத்துப் பூவையே வெட்டிப் போடுகிறோம். வெட்டாமலே விட்டாலோ வருடா வருடம் கிளை நீண்டு, அடியெல்லாம் வெறும் குச்சியும் உச்சியில் மட்டும் இலையுமாக 15, 20 அடிக்குப் போய்விடும். நேரம் எது என்றால் பூ முழுக்க ஓய்ந்து காய் முற்றிய பிறகு, கோடைத் தூக்கம் தொடங்கும் முன்பு, தை கடைசியிலிருந்து மாசிக்குள். நீண்ட கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். உள்ளே பின்னிக்கொண்ட கொப்புகளையும் காய்ந்ததையும் அடியோடு எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் இரண்டு மூன்று துளிர் வரும், அத்தனையும் ஆவணியில் பூ நுனி. ஐந்தாறு தண்டு அடியிலிருந்தே புதராக வரட்டும். ஒற்றைத் தண்டு மரமாக்க வேண்டும் என்றில்லை.

இடமில்லாதவர்கள் மொட்டை மாடியில் ஒன்றரை அடி அகலத் தொட்டியில் வளர்க்கலாம். அடியில் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். தொட்டியில் வேர் ஆழம் போக முடியாததால் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் தேவைப்படும். பூ வரும், தரையில் உள்ள அளவுக்கு வராது.

வெட்டும் முன் காய்களைப் பறித்துவிட மறக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போது சின்னத் தட்டை இதயம்போல இருக்கும், காய்ந்தால் பழுப்பாகும். அகலம் ஒரு ரூபாய்க் காசை விடச் சற்றுக் குறைவு. நடுவில் நகத்தை வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதிக்கு ஒரு விதை. நாள்பட வைக்காமல் மணல் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கச் சில வாரம் ஆகும், எல்லாம் முளைக்காது. பத்து ஊன்றினால் நாலைந்து வந்தாலே போதும். கொப்பு வைத்தும் பார்க்கலாம், மழைக்காலத்தில் பென்சில் கனத்துக் கொப்பாக எடுத்தால் சிலது வேர் பிடிக்கும். விதைக் கன்று பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். பெரிய செடி இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம், மழை ஓய்ந்ததும் அதன் அடியில் இரண்டு இலையோடு தானாக முளைத்துக் கிடக்கும். பெருவிரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மண்கட்டியோடு தோண்டி ஒரு பையில் வையுங்கள், அடுத்த புரட்டாசியில் நடுவதற்கு ஆகும்.